அடைத்தவர் அளந்து வைக்கட்டும்!

 

கொல்லைப்புறத்தில் பத்துக் கோழி வளர்க்கும் ஒரு குடும்பம், அவற்றுக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் தீனி வைக்க வேண்டும் என்பது மார்க்கம் சார்ந்த கேள்வியா? 'அல்ல' என்பதே நம் ஊர்களில் பெரும்பாலோரின் விடையாக இருக்கிறது. அறுக்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்லப்பட்டதா, கத்தி கூர்மையாக இருந்ததா, குரல்வளையும் உணவுக்குழலும் முறையாக அறுபட்டனவா என்று கேட்பதோடு கோழிக்கும் மார்க்கத்துக்கும் உள்ள தொடர்பு முடிந்துவிடுவதாக அவர்கள் எண்ணுகின்றனர். அறுக்கப்படும் அந்த ஒரு நிமிடத்திற்குச் சட்டம் உண்டு, அதற்கு முன் அது வாழ்ந்த ஓராண்டிற்குச் சட்டம் இல்லை என்பது விந்தையான மார்க்க அறிவு!

நாம் இதனை மறுக்கிறோம். ஓர் உயிரை அடைத்து வைத்தவர் மீது அதன் உணவு கடமையாகிவிடுகிறது. கடமை என்று ஆனபின் அதற்கு அளவு உண்டு. அளவை அறியாதவர் அக்கடமையை நிறைவேற்றிவிட்டதாக எவ்வாறு சொல்ல முடியும்? இக்கட்டுரையின் வாதம் இவ்வளவே.

பறவையைச் சாட்சிக்கு அழைப்போர்

'கோழிக்குத் தீனி எவ்வளவு வைக்கிறீர்கள்?' என்று கேட்டால் சிலர் உடனே தவக்குல் பேசத் தொடங்குகின்றனர். காலையில் ஒட்டிய வயிற்றோடு கிளம்பி மாலையில் நிறைந்த வயிற்றோடு கூடு திரும்பும் பறவையை உவமை காட்டி, அல்லாஹ்வின் மீது முறையாக நம்பிக்கை வைப்பதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியை நாம் அனைவரும் அறிவோம். உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அச்செய்தி திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. 'பறவைக்கு ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். நாம் யார் கணக்குப் பார்க்க?' என்பது இவர்களது வாதம்.

அந்த ஹதீஸில் வரும் பறவை என்ன செய்கிறது என்பதைச் சற்று நின்று கவனியுங்கள். அது காலையில் கிளம்புகிறது. திறந்த வெளியில் தேடுகிறது. தேடிய பின்னரே நிறைந்து திரும்புகிறது. கூட்டிலேயே அமர்ந்திருந்து வயிறு நிறைந்ததாக அங்கே சொல்லப்படவில்லை. இந்த ஹதீஸ் முயற்சியைக் கைவிடச் சொல்லவில்லை, முயற்சியோடு சேர்ந்த நம்பிக்கையையே கற்பிக்கிறது என்று விளக்கவுரையாளர்கள் எழுதியுள்ளனர்.

உங்கள் கோழியால் கிளம்ப முடியுமா? காலை ஒன்பது மணிவரை பஞ்சாரத்துக்குள் கிடக்கிறது. திறந்துவிட்டாலும் நான்கு புறமும் மதில் நிற்கிறது. தரையெல்லாம் சிமெண்டும் டைல்ஸும். பறவையின் இறக்கையை நீங்கள் கட்டிவிட்டு, அது பறந்து தேடும் என்ற ஹதீஸை உங்களுக்குச் சான்றாகக் காட்டுவது முறையாகுமா? தவக்குல் வைக்க வேண்டியது நீங்கள். உங்கள் தவக்குலுக்காகப் பசித்திருக்க வேண்டியது கோழியன்று.

அடைத்தவரின் பொறுப்பு

இதற்கு நேர் பொருந்தும் ஹதீஸ் வேறொன்று உண்டு. பூனை ஒன்றைக் கட்டிவைத்து, அது இறந்துபோகக் காரணமான பெண் நரகம் புகுந்த செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அந்தப் பெண்ணின் குற்றம் இரண்டு பகுதிகளாகச் சொல்லப்படுகிறது. அவள் அதற்கு உணவளிக்கவுமில்லை. தரையில் திரியும் பூச்சி புழுக்களைத் தேடித் தின்னுமாறு அதனை அவிழ்த்துவிடவுமில்லை. ஆக, உயிரை வைத்திருப்பவருக்கு இரண்டே வழிகள். ஒன்று, தேவையான அளவு உணவு கொடுக்க வேண்டும். அல்லது, உண்மையாகவே உணவு கிடைக்கும் இடத்தில் மேய விட வேண்டும். மூன்றாவது வழி இல்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பதோ அந்த மூன்றாவது வழிதான்: அடைத்தும் வைப்பது, அளவாகவும் கொடுக்காதிருப்பது.

ஃபிக்ஹ் நூல்களும் இதனைப் பொதுவான இரக்கவுரையாக விட்டுவிடவில்லை. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' இந்தச் சட்டத்தை எங்கே வைத்திருக்கிறது தெரியுமா? மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோருக்கான ஜீவனாம்சத்தைப் பேசும் நஃபகா பாடத்தில்! கால்நடைக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளர் மீது கடமை. அவர் மறுத்தால், உண்ணத்தக்க பிராணியாயின் விற்கவோ, தீனியிடவோ, அறுக்கவோ அவரை நிர்ப்பந்திக்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் நீதிமன்றம் நிர்ப்பந்திக்குமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் நிர்ப்பந்திக்க வேண்டும் என்கின்றனர். எனினும் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையில் அது கடமையே என்பதில் அங்கும் ஐயமில்லை. இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்களோ, பிராணிகளுக்கு மனிதர் மீதுள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, முதுமையாலும் நோயாலும் பயன்தராமல் போன பிராணிக்கும் செலவழிக்க வேண்டும் என்று எழுதினார்கள். அவர்கள் மறைந்தது ஹிஜ்ரீ 660இல். முட்டை நின்ற கோழிக்குத் தீனி வீண் என்று பேசும் நாம் வாழ்வது எந்த நூற்றாண்டில்?

'அது மேய்ந்து தின்னும்'

அடுத்த வாதம் இது: 'எங்கள் பாட்டியார் கோழிக்கு என்ன தீனி வாங்கினார்? அது பாட்டுக்கு மேய்ந்து தின்றது, முட்டையும் இட்டது.'

உண்மைதான். ஆனால் பாட்டியாரின் கொல்லையில் என்ன இருந்தது? மாட்டுத் தொழுவமும் எருக்குழியும் இருந்தன. எருக்குழியைக் கிளறினால் புழுவும் வண்டும் கிடைத்தன. நெல் அவித்துக் காயவைத்தபோது சிந்திய மணி, குத்தும்போது பறந்த தவிடு, புடைக்கும்போது விழுந்த நொய், வேலியோரத்துக் கீரை, மழைக்குப் பின் புறப்படும் ஈசல், இவை யாவும் கோழியின் பங்காக இருந்தன. போதாததற்கு, பழைய மண்பானையில் சாணமும் வைக்கோலும் காய்ந்த ஓலையும் திணித்து, சற்று நீர் தெளித்து, இரவில் கரையான் புற்றோரம் கவிழ்த்துவைத்து, விடியற்காலையில் அதில் ஏறியிருக்கும் கரையானைக் குஞ்சுகளுக்குத் தட்டிவிடும் பழக்கமும் நம் கிராமங்களில் இருந்தது. பாட்டியார் கிராம் கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் குஞ்சுக்குப் புழு பூச்சி வேண்டும் என்பதை அறிந்திருந்தார்; அதற்கென முதல் நாள் இரவே உழைத்தார். அந்த உழைப்பை மறந்துவிட்டு, அவர் தீனிக்குப் பணம் செலவழிக்காததை மட்டும் நினைவில் வைத்திருப்பது வசதியான மறதி.

இன்று நெல் ஆலைக்குப் போய்விட்டது. தொழுவம் கார் நிறுத்துமிடமாயிற்று. எருக்குழி மூடப்பட்டது. மேய்ச்சல் நிலம் போனபின் மேய்ச்சல் கணக்கு மட்டும் எப்படி நிற்கும்? இப்போது 'மேய்ந்து தின்னும்' என்பதன் பொருள் இரண்டில் ஒன்று. அண்டை வீட்டார் மாடியில் காயவைத்த வற்றலையும் அவர்கள் வளர்த்த கீரைப் பாத்தியையும் தின்னும். அப்போது உங்கள் கோழிக்கு நஃபகா கொடுப்பவர் உங்கள் அண்டை வீட்டார், அதுவும் அவரது சம்மதமின்றி. அல்லது சாக்கடையைக் கிளறித் தின்னும்.

சாக்கடையைக் கிளறிய கோழி எங்கே வருகிறது? உங்கள் தட்டுக்கு வருகிறது. அசுத்தத்தையே பெரிதும் தின்று, அதனால் இறைச்சியின் வாடை மாறிவிட்ட பிராணியை 'ஜல்லாலா' என்று அழைத்து, அதனை உண்பது பற்றி ஃபுகஹாக்கள் தனியே பேசியுள்ளனர். அத்தகைய கோழியை இப்னு உமர் (ரலி) அவர்கள் மூன்று நாட்கள் அடைத்துவைத்து நல்ல தீனி கொடுத்த பின்னரே உண்டதாகச் செய்தி உண்டு. எப்போதேனும் அசுத்தத்தைக் கொத்திய கோழியெல்லாம் விலக்கப்பட்டதாகிவிடாது. நபி (ஸல்) அவர்கள் கோழி இறைச்சி உண்டதைத் தாம் கண்டதாக அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவித்தது, கோழி அசுத்தம் தின்பதைப் பார்த்து அருவருத்து ஒதுங்கிய ஒருவரிடம்தான். எனவே நாம் ஹராம் தீர்ப்பு வழங்க வரவில்லை. ஹலாலான உணவு, தூய்மையான உணவாகவும் இருக்க வேண்டாமா என்றே கேட்கிறோம். அளவாகத் தீனி கிடைக்கும் கோழி சாக்கடையை நாடுவது குறையும். பசிதான் அதனை அங்கே அனுப்புகிறது.

மிச்சச் சோறு தீனியாகுமா?

'நாங்கள் பட்டினி போடவில்லை. தினமும் மிச்சச் சோற்றைக் கொட்டுகிறோமே!' என்பார் பலர். சோற்றை வீணாக்காமல் ஓர் உயிருக்கு இடுவது நற்செயலே. அதனைக் குறைகூறவில்லை. ஆனால் வயிறு நிறைவதும் உடல் நிறைவதும் ஒன்றல்ல.

முட்டையிடும் கோழியின் தீனியில் நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு புரதம் இருக்க வேண்டும். அரிசியில் இருப்பதோ ஏழு, எட்டுப் பங்குதான். சோறாக வடித்தபின் அதில் பெரும்பகுதி தண்ணீர். முட்டையோடு ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. சோற்றில் அது இல்லை என்றே சொல்லலாம். எனவே சோறு மட்டும் தின்னும் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓட்டைக் கட்டுகிறது. சில நாட்களில் தோல்முட்டை இடுகிறது. பிறகு முட்டையிடுவதையே நிறுத்திவிடுகிறது. உடனே வீட்டில் தீர்ப்பு வருகிறது: 'இது முட்டை நின்ற கோழி. வெள்ளிக்கிழமை அறுத்துவிடலாம்.'

இது எத்தகைய நீதி? கூலி கொடுக்காமல் வேலை வாங்கி, வேலை நின்றதும் தண்டனையும் கொடுப்பது! அறுப்பது ஆகுமானதே, ஐயமில்லை. ஆனால் குற்றம் கோழியுடையது என்ற பழிச்சொல் ஆகுமானதா? அதே வீட்டில், மருமகன் விருந்துக்கு வரும் செய்தி கிடைத்தால் மட்டும் சேவலுக்குக் கம்பும் சோளமும் தாராளமாக வந்துவிடுகின்றன. அளவு தெரியாதவர்கள் என்று இவர்களை எப்படிச் சொல்வது?

மேலும், மிச்சத்தில் எல்லாம் தீனியாகாது. வலீமா விருந்தில் மிஞ்சிய உப்பும் எண்ணெயும் மிகுந்த பிரியாணி, ஊறுகாய் படிந்த சோறு, உப்புக் கருவாட்டுத் துண்டு ஆகியவற்றைக் குவியலாகக் கொட்டுவது கோழிக்குத் தீங்கு. உப்பு மிகுந்தால் கோழி நோயுறும், இறக்கவும் கூடும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் அதைவிடக் கேடானவை. அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைத் தாக்கும். 'மனிதர் தின்ன முடியாது, கோழிக்குப் போடு' என்ற பேச்சை நம் சமையலறைகளிலிருந்து ஒழிக்க வேண்டும்.

அளந்தால் பரக்கத் போய்விடுமா?

கணக்கு என்றவுடன் முகம் சுளிப்பவர்களிடம் இன்னொரு நம்பிக்கை உண்டு: 'அள்ளிப் போடு, அளக்காதே, அளந்தால் பரக்கத் போய்விடும்.' இதற்கு ஆயிஷா (ரலி) அவர்களின் செய்தி சான்றாகக் காட்டப்படுகிறது. அவர்களிடம் சிறிது வாற்கோதுமை இருந்தது. நெடுநாள் அதிலிருந்து எடுத்து உண்டு வந்தார்கள். ஒருநாள் அதனை அளந்து பார்த்தார்கள், அது தீர்ந்துபோயிற்று. செய்தி ஆதாரப்பூர்வமானதே.

ஆனால் அதே புகாரீயில், உணவுப் பொருளை அளந்துகொள்ளுமாறும் அதில் பரக்கத் செய்யப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக மிக்தாம் இப்னு மஅதீகரிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸும் இருக்கிறதே! ஒன்றை எடுத்து மற்றொன்றை மறைப்பது அறிவாகாது. வாங்கும்போதும், தேவைக்கேற்பப் பங்கிடும்போதும் அளப்பது ஏவப்பட்டது. இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் நோக்கில் அளப்பது வேறு. இவ்வாறு விளக்கவுரையாளர்கள் இரண்டையும் இணக்கப்படுத்தியுள்ளனர். கோழிக்கு அளந்து வைப்பது பங்கீடு. உரியவருக்கு உரியதைக் குறையாமல் கொடுக்கும் செயல். அளவில் குறைப்போரைக் கண்டித்து ஒரு முழு அத்தியாயமே இறங்கிய வேதத்தைக் கையில் வைத்திருப்பவர்கள், அளப்பதைப் பரக்கத்தின் பகையாகப் பேசலாமா?

கணக்கு இதுதான்

இனி அளவுக்கு வருவோம். கீழே சொல்பவை நாட்டுக்கோழிக்கான ஏறத்தாழக் கணக்குகள். பெரிய உடலுடைய இனங்களுக்குக் கூடும். நாள்தோறும் முட்டையிடும் பண்ணை இனக் கோழி 100 முதல் 120 கிராம் தின்னும்.

முழுநேரமும் அடைப்பில் இருக்கும் வளர்ந்த நாட்டுக்கோழிக்கு நாளொன்றுக்கு 80 கிராம் கலப்புத் தீனி. புல்லும் பூச்சியும் உள்ள நிலத்தில் பகல் முழுதும் மேயும் கோழிக்கு அதில் பாதி, அதாவது 40 கிராம். முதல் வாரக் குஞ்சுக்கு 7 முதல் 10 கிராம். ஒரு மாதக் குஞ்சுக்கு 25 கிராம். இரண்டு மாதத்தில் 40 முதல் 45 கிராம். மூன்று மாதத்தில் 55 முதல் 60 கிராம். குஞ்சுகள் மேய்ந்தாலும் அவற்றின் பங்கைக் குறைக்க வேண்டாம். வளரும் உடலுக்கு மேய்ச்சல் போதாது.

ஒரு வீட்டில் எட்டுக் கோழி, ஒரு சேவல், ஒரு மாத வயதில் பன்னிரண்டு குஞ்சுகள் இருப்பதாகக் கொள்வோம். அடைப்பில் வளர்ந்தால், பெரியவை ஒன்பதுக்கு 720 கிராம், குஞ்சுகளுக்கு 300 கிராம், ஆக 1,020 கிராம். மாதத்திற்கு முப்பது கிலோவுக்குச் சற்று மேல். நல்ல மேய்ச்சல் இருந்தால் 360ம் 300ம் சேர்ந்து 660 கிராம். மாதத்திற்கு ஏறத்தாழ 20 கிலோ. இப்போது உங்கள் வீட்டு வழக்கத்தை இதன் அருகே வைத்துப் பாருங்கள். ஒரு கைப்பிடி நொய் 50 கிராமைத் தாண்டுவது அரிது. காலையில் இரண்டு பிடி, மாலையில் இரண்டு பிடி என்றால் 200 கிராம். இருபத்தோர் உயிர்களுக்கு 200 கிராம்! இதற்குப் பெயர் தீனி வைப்பதா?

எதைக் கலப்பது? பத்துக் கிலோ கலவைக்கு, உடைத்த மக்காச்சோளம் நாலரைக் கிலோ, கம்பு ஒன்றரைக் கிலோ, தவிடு ஒன்றரைக் கிலோ, கடலைப் பிண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, உப்பிடாத கருவாட்டுத் தூள் 700 கிராம், தாது உப்புக் கலவை 300 கிராம். இதில் புரதம் ஏறத்தாழ 17 பங்கு வரும். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். வேண்டியது வேண்டியதைக் கொத்திக்கொள்ளும். குஞ்சுகளுக்கு அந்தக் கிளிஞ்சல் ஆகாது. மிகுந்த சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவற்றின் கலவையில் மக்காச்சோளத்தில் அரைக் கிலோ குறைத்துப் பிண்ணாக்கில் அரைக் கிலோ கூட்டுங்கள். பல்லில்லாத பறவைக்கு அரைவைக்கல் தேவை. பொடிக்கற்கள் இல்லாத சிமெண்டுத் தரையில் வளர்ப்போர் சிறு மணிக்கற்களையும் வைக்க வேண்டும்.

அளக்கும் பாத்திரத்தைப் பற்றி ஒரு சொல். அதே டம்ளர் நிறையத் தவிடு எடுத்தால், தானியத்தின் எடையில் பாதிதான் இருக்கும். ஆகவே 'இரண்டு டம்ளர் போட்டேன்' என்பது கணக்கன்று. கலவையை ஒரு டம்ளரில் நிரப்பி, மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்து, எத்தனை கிராம் என்று டம்ளரிலேயே எழுதிவையுங்கள். ஒருநாள் வேலை. அதன்பின் வீட்டுச் சிறுவரும் சரியாக அளந்து வைப்பர்.

தண்ணீரும் நஃபகாவில் அடங்கியதே. தின்னும் தீனியின் எடையைப் போல இருமடங்கு தண்ணீர் வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். தண்ணீர் தீர்ந்தால் கோழி தீனியையும் குறைத்துவிடும்.

பங்கில் நீதியும் வேண்டும். ஒரே தட்டில் வைத்தால் வலிமையானவை தின்றுவிட்டு எளியவற்றை விரட்டும். இரண்டு மூன்று தட்டுகளில் இடைவெளி விட்டு வையுங்கள். குஞ்சுகளுக்குப் பெரியவை நுழைய முடியாத தனித் தடுப்பு இருக்கட்டும். அடைக்கோழி நாளுக்கு ஒருமுறை மட்டுமே இறங்கி வரும். அது இறங்கும் நேரத்தில் தட்டு காலியாக இருக்கக் கூடாது.

வைத்த அளவு சரியா என்பதைக் கோழியே சொல்லும். மஃக்ரிபுக்குக் கூடடையும்போது கழுத்தடியிலுள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்து உருண்டிருக்க வேண்டும். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி விளிம்பு போல் நீட்டி நின்றால் அது மெலிந்திருக்கிறது. இருபுறமும் சதை பற்றியிருந்தால் நலம். காலையில் வைத்தது சில நிமிடங்களில் தீர்ந்து, தட்டைக் கொத்திக்கொண்டு நின்றால் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். மாலைவரை மிஞ்சினால் அதே அளவு குறையுங்கள்.

அள்ளிக் கொட்டுவதும் அநீதியே

இவ்வளவு சொன்னபின், மறுபக்கம் சாய்வோரையும் விட்டுவிட முடியாது. வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது என்று மூட்டையைப் பிரித்து முற்றத்தில் கொட்டுவோர் இருக்கின்றனர். மிஞ்சியது மழையில் நனைந்து புளிக்கிறது, பூஞ்சை பிடிக்கிறது, இரவில் எலிக்கு விருந்தாகிறது. அளவு மீறிக் கொழுத்த கோழியும் முட்டையைக் குறைத்துவிடும். உண்பதில் வீண்விரயத்தைத் தடுத்த மார்க்கம், இடுவதில் அதனை அனுமதித்திருக்கிறதா? குறைப்பது ஓர் உயிருக்கு அநீதி, கொட்டுவது அருட்கொடைக்கு அநீதி. இரண்டுக்கும் காரணம் ஒன்றே, அளக்க மனமில்லாமை.

ரமளானில் வேறொரு தவறு நடக்கிறது. ஸஹர் முடித்து, சுப்ஹு தொழுது, வீடு முழுதும் உறங்கிவிடுகிறது. பஞ்சாரம் பத்து மணிக்குத்தான் திறக்கிறது. வெயில் ஏறியபின் கோழி சரியாகத் தின்னாது. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாகத் தின்னும். நோன்பு நம் மீதுதான் கடமையாக்கப்பட்டது, கோழி மீதன்று. சுப்ஹு தொழுதுவிட்டுத் தீனி வைத்துப் படுத்தால் என்ன?

'இதுவா இப்போது முக்கியம்?'

'சமுதாயத்துக்கு ஆயிரம் பிரச்சினைகள் இருக்க, ஆலிம்கள் கோழித் தீனி பேசுகிறார்கள்' என்ற ஏளனம் வரும் என்பதை அறிவோம். அவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறோம். ஒரு மதீனாவையே வழிநடத்திய நபி (ஸல்) அவர்கள், வயிறு முதுகோடு ஒட்டிய ஓர் ஒட்டகத்தைக் கண்டு நின்று, வாயில்லாப் பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறு எச்சரித்தார்கள். இச்செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அவர்களுக்குப் பணிகள் குறைவாகவா இருந்தன? மேலும், தன் பொறுப்பில் உள்ளோரின் உணவைப் பாழாக்குவதே ஒரு மனிதனுக்குப் பாவத்தால் போதுமானது என்ற கருத்தும் அதே நூலில் பதிவாகியுள்ளது. வாய் திறந்து கேட்க முடியாத உயிரின் பங்கில் குறைத்துப் பழகிய கை, வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்திலும் சகோதரியின் வாரிசுப் பங்கிலும் குறைக்காது என்பதற்கு யார் உத்தரவாதம்?

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு சொல். பல வீடுகளில் கோழி பெண்களின் சிறுவாட்டுச் செல்வம். முட்டை விற்ற காசில்தான் பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் அவசர மருந்தும் வருகின்றன. முட்டையை உண்ணும்போது மகிழும் நீங்கள், அவர்கள் பிண்ணாக்கு வாங்கப் பணம் கேட்கும்போது 'கோழிக்குச் செலவா?' என்று முகம் திருப்பாதீர்கள். அடைப்பில் வளரும் ஒரு கோழிக்கு மாதம் இரண்டரைக் கிலோ தீனி போதும். அதனைக் கொடுக்க இயலும் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கிலோவுக்குத்தான் வசதி என்றால் நான்கு கோழிகள் போதும். மிஞ்சியவற்றை விற்றுவிடுங்கள், அல்லது அறுத்து ஏழைக்கும் பங்கு கொடுத்து உண்ணுங்கள். ஃபுகஹாக்கள் காட்டிய வழியும் அதுவே. நஃபகா கொடுக்க வசதியுண்டா என்பதைத் திருமணத்துக்கே கேட்கும் மார்க்கம் இது. பஞ்சாரத்தை நிரப்புமுன் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதில் இழிவு ஏதுமில்லை.

மதரஸாவுக்கு வரும் பிள்ளைகளுக்கு நஃபகா, அமானத், இஸ்ராஃப் ஆகிய சொற்களுக்குப் பொருள் எழுதிப் போடுகிறோம். மறுநாள் ஒப்பித்துவிடுகின்றனர். ஆனால் வீட்டில் தினமும் காலையில் ஒரு டம்ளரை அளந்து, தட்டில் இட்டு, தண்ணீர் மாற்றி, மாலையில் ஒரு கோழியின் தீனிப்பையைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த மூன்று சொற்களையும் யாரும் விளக்க வேண்டியிருக்காது. அந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். அளவை எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள்.

வாயில்லா உயிர்களின் உரிமையை அறிந்து, குறைக்காமலும் விரயம் செய்யாமலும் நிறைவேற்றும் நல்லடியார்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.